சின்னம் சூட்டலும் கிராம முகாமும்: கண்டியிலும் தமிழ்நாட்டிலும் மாணவத் தலைமை

கண்டி நகரப் பாடசாலைகளில் ஆண்டுதோறும் சின்னம் சூட்டும் விழா நடைபெறுகிறது. உயர்தர வகுப்பு மாணவர்களுள் சிலரை அதிபரும் ஆசிரியர்களும் தேர்ந்து மாணவத் தலைவர்களாக நியமிக்கிறார்கள். அவர்களுக்கு மேலாகச் சிரேஷ்ட மாணவத் தலைவர் ஒருவர் இருப்பார். பெற்றோர் முன்னிலையில் சின்னம் அணிவிக்கப்பட்டு உறுதிமொழி எடுக்கப்படுகிறது. காலைக் கூட்டத்தில் ஒழுங்கு காப்பது, தாமதமாக வருவோரைக் கவனிப்பது, இல்ல விளையாட்டுப் போட்டியை நடத்துவது, விருந்தினரை வரவேற்பது ஆகியவை அவர்களுடைய அன்றாடக் கடமைகள். பொறுப்பாசிரியர் ஒருவர் அவர்களுக்கு வழிகாட்டுவார். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இதற்கு இணையாக வகுப்புத் தலைவரும், பள்ளி முழுமைக்கும் எஸ்.பி.எல். என்று அழைக்கப்படும் மாணவர் தலைவரும் இருக்கிறார்கள். பல பள்ளிகளில் மாணவர்களே வாக்களித்து அவரைத் தேர்கிறார்கள். வகுப்புத் தலைவரின் வேலை பெரும்பாலும் குறிப்பேடுகளைச் சேர்த்துக் கொடுப்பதும், ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுவோரின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவதுமாக முடிந்துவிடுகிறது.

இரண்டு நாடுகளிலும் இந்த முறைக்கு வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. ரக்பி பள்ளியின் தலைமையாசிரியராக 1828 முதல் 1842 வரை இருந்த தாமஸ் ஆர்னல்ட், மூத்த மாணவரைக் கொண்டு இளைய மாணவரை நெறிப்படுத்தும் ஏற்பாட்டை ஒரு கல்விக் கொள்கையாகவே வளர்த்தார். மிஷனரிக் கல்லூரிகள் அதைக் கீழைத்தேயத்துக்குக் கொண்டு வந்தன. கண்டியில் அது மிக ஆழமாக ஊன்றியது. 1872இல் தொடங்கிய திரினிட்டி கல்லூரி, 1891இல் எல். ஈ. பிளேஸ் தொடங்கிய கிங்ஸ்வூட் கல்லூரி, பௌத்த பிரம்மஞான சங்கத்தின் முயற்சியால் 1887இல் உருவான தர்மராஜ கல்லூரி ஆகிய மூன்றும் சில மைல் சுற்றளவுக்குள் இருக்கின்றன. சமயத்தாலும் நோக்கத்தாலும் வேறுபட்ட இக்கல்லூரிகள், மாணவரைத் தலைவராக்கும் முறையில் மட்டும் ஒன்றையொன்று பார்த்தே வளர்ந்தன.

இவற்றுள் திரினிட்டியில் 1904 முதல் 1924 வரை அதிபராக இருந்த ஏ. ஜி. பிரேசரின் காலம் தனித்துக் கவனிக்கத் தக்கது. உகண்டாவில் மிஷனரியாகப் பணியாற்றிவிட்டுக் கண்டிக்கு வந்த பிரேசர், ஆங்கிலப் பாடசாலையின் சடங்குகளை அப்படியே வைத்துக்கொண்டார். அவற்றின் உள்ளடக்கத்தை மாற்றினார். தாய்மொழி தெரியாமல் ஆங்கிலம் மட்டும் கற்ற இளைஞன் தன் மக்களுக்குத் தலைவனாக முடியாது என்பது அவருடைய உறுதியான எண்ணம். அதனால் சிங்களத்தையும் தமிழையும் பாடத்திட்டத்தில் சேர்த்தார். தாய்மொழியைப் பேசுவதே தாழ்வு என்று மிஷன் பாடசாலைகள் கருதிய காலத்தில் இது துணிவான செயல். சமூக சேவைச் சங்கம் அமைத்து, மாணவர்களை நகரத்து ஏழைகளின் குடியிருப்புகளுக்குப் போய் அவர்கள் வாழும் நிலையை அறிந்து வரச் செய்தார். பின்னர் அவர் மேற்கு ஆப்பிரிக்காவில் அச்சிமோட்டா கல்லூரியை உருவாக்கச் சென்றபோது, கண்டியில் கண்டறிந்த இந்த வழிகளே அவருக்கு முதலாக இருந்தன.

திரினிட்டி அளிக்கும் ரைட் தங்கப் பதக்கம் இந்த மரபின் அடையாளம். படிப்பு, விளையாட்டு, நடத்தை எல்லாவற்றிலும் சிறந்து நிற்கும் மாணவருக்கு அது உரியது. 1950இல் அதைப் பெற்ற லக்ஷ்மன் கதிர்காமர் அங்கே சிரேஷ்ட மாணவத் தலைவராகவும் கிரிக்கெட் அணித் தலைவராகவும் இருந்தவர். பின்னர் ஒக்ஸ்போர்ட் யூனியனின் தலைவராகவும், இலங்கையின் வெளிநாட்டமைச்சராகவும் ஆனார். அவருடைய அரசியல் நிலைப்பாடுகளைத் தமிழர்கள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். ஆயினும் ஒரு பாடசாலை தன் மாணவனுக்குப் பதினெட்டு வயதுக்குள் எவ்வளவு பொறுப்பை நம்பிக் கொடுத்தது என்பதற்கு அவர் வாழ்க்கை சான்றாக நிற்கிறது.

இந்த முறையின் பலம், நெருக்கம். சிறிய தொகையினரை ஒரு பெரியவர் பல ஆண்டுகள் கூடவே இருந்து வளர்க்கிறார். அதன் குறையும் அந்த நெருக்கத்திலேயே பிறக்கிறது. வளர்க்கப்பட்டவரின் விசுவாசம் பாடசாலையோடு நின்றுவிடுகிறது. பழைய மாணவர் சங்கங்கள் கட்டடத்துக்கும் விளையாட்டரங்கத்துக்கும் வாரி வழங்குகின்றன. நகரத்தின் மறுகோடியில் இருக்கும் வசதியற்ற பாடசாலைக்கு அந்தக் கை நீள்வது குறைவு. இலங்கையில் முதலாம் தர அனுமதிக்கான விதிகள் பழைய மாணவரின் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு தருகின்றன. பெற்றோர் தம் பாடசாலைக் காலத்தில் காட்டிய திறமைகளுக்கும் அதில் புள்ளி உண்டு. அன்று அணிந்த சின்னம் இன்று பிள்ளையின் அனுமதிக்கு உதவக்கூடும் என்ற நிலையில், தலைமைப் பயிற்சி ஒரு குடும்பச் சொத்தாக மாறும் ஆபத்து இருக்கிறது.

தமிழ்நாட்டில் கிளைத்த வழி வேறு. சென்னை அடையாறில் இயங்கிய பிரம்மஞான சபையைச் சேர்ந்த அன்னி பெசன்ட், இந்தியச் சிறுவர்களைச் சேர்க்கத் தயங்கிய சாரணர் அமைப்புக்கு மாற்றாக 1917இல் இந்தியச் சிறுவர் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். தர்மராஜ கல்லூரிக்கு வித்திட்ட கேர்னல் ஒல்கொட்டும் அதே சபையின் நிறுவனர்களில் ஒருவர். ஒரே ஊற்றிலிருந்து புறப்பட்ட முயற்சி கண்டியில் ஒரு சிறந்த கல்லூரியாகவும், சென்னையில் ஒரு தேசிய இயக்கமாகவும் வடிவெடுத்தது. இலங்கைச் சாரணியம் 1912இல் கண்டிக்கு வடக்கே மாத்தளையில் தொடங்கியது. தர்மராஜ கல்லூரியின் சாரணர் குழு இன்றும் நாட்டின் பெயர்பெற்ற குழுக்களுள் ஒன்று.

விடுதலைக்குப் பின் இந்தியா எண்ணிக்கையை நம்பியது. 1948இல் தேசிய மாணவர் படை சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது. காந்தி நூற்றாண்டான 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.) தொடங்கி, பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. தொண்டர் ஒருவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாமில் தங்க வேண்டும். தமிழ்நாட்டில் என்.எஸ்.எஸ். முகாமுக்குப் போகாத கல்லூரித் தலைமுறையே இல்லை எனலாம். தெரிவுசெய்யப்பட்ட இருபது பேருக்கு மட்டும் பொறுப்பு என்றில்லாமல், கேட்டு வரும் யாருக்கும் கதவு திறந்திருக்கிறது. ஆனால் ஓர் அலகில் நூறு தொண்டர்கள். அவர்களுக்குத் திட்ட அலுவலர் ஒருவர். அவரும் பாடம் நடத்தும் ஆசிரியர். ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியே அறிந்து வளர்க்க அவருக்கு நேரம் ஏது? பல இடங்களில் முகாம், குப்பை பெருக்கி மரக்கன்று நட்டுச் சான்றிதழ் வாங்கும் நிகழ்ச்சியாகச் சுருங்கிவிடுகிறது.

பரப்பும் நெருக்கமும் ஒன்றுசேர்ந்த இடம் ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. திண்டுக்கல் அருகே, சின்னாளப்பட்டியை ஒட்டி, மருத்துவர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமம் அது. சௌந்தரம் தொழிலதிபர் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். இளம் வயதில் விதவையாகி, பின்னர் மருத்துவம் படித்தவர். 1956இல் அங்கே கிராமியப் பல்கலைக் கழகமாக வளரவிருந்த நிறுவனம் எழுந்தது. 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அங்கே கிராமப் பணி பாடத்துக்கு வெளியே ஒட்டவைத்த வேலை அன்று, படிப்பின் பகுதி. மாணவர்கள் ஆசிரியரோடு கிராமத்துக்குச் செல்கிறார்கள். சாந்தி சேனை என்ற அமைதிப் படையில் சேர்ந்து, மோதலைத் தணிக்கவும் பேரிடரில் உதவவும் பழகுகிறார்கள். ஆசிரியரே களத்தில் கூட நிற்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். கண்டிக்கும் தமிழ்நாட்டுக்கும் பொதுவான முன்மாதிரி தேடுவோர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

காந்திய வழி இலங்கைக்கும் வந்தது. கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியரான ஏ. டி. ஆரியரத்ன 1958இல் மாணவர்களைக் குருநாகல் மாவட்டத்தின் கனத்தொலுவ என்ற ஒதுக்கப்பட்ட கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். அந்த முகாமிலிருந்தே சர்வோதய சிரமதான இயக்கம் பிறந்தது. ஆசிரியர் ஒருவர், மாணவர் சிலர், ஒரு கிராமம் என்ற சிறிய அளவில் தொடங்கி நாடெங்கும் பரவிய இம்முயற்சி, நெருக்கமும் பரப்பும் பகையல்ல என்பதைக் காட்டுகிறது.

கண்டியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களுக்கு இவை எதுவும் உரிய காலத்தில் வந்து சேரவில்லை. தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில், சில வகுப்புகளோடு நின்றுபோனவை. 1970களில்தான் அரசு அவற்றை ஏற்கத் தொடங்கியது. உயர்தர வகுப்பே இல்லாத பாடசாலையில் உயர்தர மாணவத் தலைவர் எங்கிருந்து வருவார்? தோட்டத்தில் தலைவர் என்றால் தொழிற்சங்கக் கிளையின் தலைவர்தான். துரையிடம் பேசுவதும், பேர் போடுவதில், அதாவது அன்றைய வேலையைப் பதிவதில், வந்த தகராறைத் தீர்ப்பதும், கோயில் திருவிழாவை முன்னின்று நடத்துவதும், சாவு வீட்டுக் காரியத்தைக் கவனிப்பதும் அவரே. அவரைப் பயிற்றுவித்தது அனுபவம் மட்டுமே. கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் பெண்கள். தலைவர்களோ பெரும்பாலும் ஆண்கள்.

இந்த வெற்றிடத்தைக் கண்டு செயல்பட்டவர் பாதிரியார் போல் கஸ்பர்ஸ். இயேசு சபைத் துறவியான அவர் 1972இல் கண்டியில் சத்தியோதயம் நிலையத்தை நிறுவினார். சிங்கள, தமிழ் இளைஞர்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, தோட்டங்களுக்கும் அயல் கிராமங்களுக்கும் சேர்ந்தே செல்வது அதன் அடிப்படை. 1970களின் நடுவில் தோட்டங்களைப் பட்டினி வாட்டியது. அப்போது தோட்ட மக்களின் நிலையை ஆவணப்படுத்தி வெளியுலகுக்குச் சொன்ன முதன்மையான குரல்களில் ஒன்று இந்நிலையத்திலிருந்து எழுந்தது. அளவில் சிறியதாயினும், பிரேசர் ஒரு கல்லூரி மதிலுக்குள் செய்ததை மதிலுக்கு வெளியே செய்த முயற்சி என்பதால் சத்தியோதயத்தின் இடம் பெரியது.

பாடசாலை நிருவாகத்தில் சமூகத்துக்குத் தலைமை தருவதில் இந்தியா ஓர் அடி முந்தி நிற்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்றும், உறுப்பினரில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. தமிழ்நாடு 2022இல் அரசுப் பள்ளிகளில் இக்குழுக்களைத் தலா 20 உறுப்பினரோடு மறுசீரமைத்தது. பெற்றோர் ஒருவரே அதன் தலைவர். கூலி வேலைக்குப் போகும் தாய் ஒருவர் தலைமையாசிரியருக்கு அருகில் அமர்ந்து தீர்மானத்தில் கையெழுத்திடும் வாய்ப்பை இது சட்டமாக்கியது. இலங்கையின் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் பெற்றோரும் பழைய மாணவரும் இருக்கிறார்கள். ஆனால் அதிபரே பதவிவழித் தலைவர். நல்ல அதிபர் வாய்த்தால் சங்கம் உயிர்ப்போடு இயங்கும். வாய்க்காவிட்டால் பெற்றோர் நிதி கொடுப்போராக மட்டும் நிற்பார்கள். இருக்கை கிடைத்த தாய்க்குக் கணக்கேட்டைப் படிக்கவும் கூட்டத்தில் பேசவும் தொடர்ந்து துணைநிற்கும் ஆள் தேவை. அந்த இடத்தில் தமிழ்நாடும் இன்னும் போதுமான அளவு செய்யவில்லை.

பெற்றோரின் நிலை இப்படி இருக்க, அதிபர்களைப் பயிற்றுவிக்க இரு நாடுகளிலும் நிறுவனங்கள் உள்ளன. இலங்கையில் தேசிய கல்வி நிறுவகத்தின் கீழ் மீப்பேயில் கல்வித் தலைமைத்துவ நிலையம் இயங்குகிறது. இந்தியாவில் புதுடில்லியில் 2012 முதல் பள்ளித் தலைமைக்கான தேசிய மையம் இருக்கிறது.

கண்டியில் இன்று செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. நகரின் அரசுப் பாடசாலைகளில் பெரும்பாலானவை ஒரே மொழியில் நடப்பவை. அவற்றின் சிங்கள, தமிழ் மாணவத் தலைவர்கள் ஒருவரையொருவர் அறியாமலே சின்னம் அணிந்து, அறியாமலே கழற்றிவிடுகிறார்கள். கண்டி, கம்பளை, தெல்தெனிய, வத்தேகம ஆகிய இடங்களின் வலயக் கல்விப் பணிமனைகள், ஆண்டுக்கு ஒரு வாரமாவது இரு மொழி மாணவத் தலைவர்களையும் ஒரே தோட்டத்திலோ கிராமத்திலோ ஆசிரியரோடு தங்கிப் பணிசெய்ய வைக்கட்டும். அந்த முகாமுக்குத் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளை, குறிப்பாகப் பெண் பிள்ளைகளை, முதலில் அழைக்கட்டும். பொறுப்பாசிரியரின் வழிகாட்டல் வேலைக்கு நேரசூசியில் இடம் ஒதுக்கட்டும்.