ஏவுவோரும் இயற்றுவோரும்: 'ஜெசிகா ஜோன்ஸ்' தொடரில் ஏவலும் குற்றமும்

0. முன்னுரை

மறுக்க இயலாத ஏவல் ஒன்று இருக்குமாயின், அதற்குப் பணிந்து ஒருவர் செய்த செயலுக்குக் கருத்தா யார்? சட்டத்திற்கு உரியதாகத் தோன்றும் இவ்வினா, அடிப்படையில் இலக்கணத்திற்கும் உரியதாகும். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான 'ஜெசிகா ஜோன்ஸ்' தன் முதற் பருவம் முழுவதையும் இவ்வினாவின்மீதே அமைத்துள்ளது. மெலிசா ரோசன்பெர்க் உருவாக்கிய இத்தொடரின் முதற் பருவம் 13 பகுதிகளைக் கொண்டு 2015 நவம்பரில் நெட்பிளிக்ஸ் வழியாக வெளிவந்தது. பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுதி, மைக்கேல் கேடோஸ் வரைந்து, 2001 முதல் 2004 வரை 28 இதழ்களாக வந்த 'ஏலியஸ்' என்னும் படக்கதை இதற்கு மூலமாகும்.

மீவலிமை படைத்தோர் கதைகளில் வலிமை பெரும்பாலும் உடலைச் சார்ந்தது. இத்தொடரின் எதிர்த்தலைவனாகிய கில்கிரேவின் வலிமையோ சொல்லைச் சார்ந்தது. அவன் ஏவியதைக் கேட்டவர் செய்தே தீர்வர். ஸ்டான் லீ, ஜோ ஆர்லாண்டோ ஆகியோர் 1964இல் 'டேர்டெவில்' நான்காம் இதழில் படைத்த ஊதா மனிதன் என்னும் பாத்திரத்தின் புதிய வடிவம் இவன். முன்பொரு காலத்தில் தன் ஏவலுக்கு உட்பட்டிருந்து பின்னர் விடுபட்ட ஜெசிகாவை இவன் விடாது தொடர்கிறான். அவளை அடையும் பொருட்டு அவளுடைய தோழியும் வளர்ப்புச் சகோதரியுமான டிரிஷ் வாக்கரையும், டிரிஷின் துணைவனாகும் காவலர் வில் சிம்ப்சனையும் தாக்குகிறான். டிரிஷ் சிறுவயதில் தொலைக்காட்சி நடிகையாக விளங்கி, பின்னர் வானொலியில் புகழ்பெற்றவள்.

இத்தொடரின் ஏவல்கள் குற்றப் பொறுப்பை எவ்வாறு பங்கிடுகின்றன, அவற்றைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் தெரிவுகள் யாவை என்பன இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

1. ஏவலும் விளைவும்

1.1. ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றி, 1962இல் நூலாக வெளிவந்த சொற்பொழிவுகள், சொல்லால் நிகழ்த்தப்படும் செயலையும் சொல்லின் பயனாக நேரும் விளைவையும் வேறுபடுத்தின. 'கதவைத் திற' என்று ஒருவர் கூறும்போது ஏவுதல் என்னும் செயல் நிகழ்ந்துவிடுகிறது. கதவு திறக்கப்படுவது அதன் விளைவு. இவ்விரண்டிற்கும் இடையே கேட்பவரின் விருப்பம் நிற்கிறது. அவர் திறக்கலாம், மறுக்கலாம், 'ஏன்' என்று கேட்கலாம். கில்கிரேவின் பேச்சில் இந்த இடைவெளி இல்லை. அவனுக்கு ஏவுதலும் நிறைவேறுதலும் ஒன்றே.

1.2. பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் ஆகியோரின் பணிவுக் கோட்பாடு தமிழ் ஆய்வாளர்க்கு நன்கு அறிமுகமானது. அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்று முதன்மை மொழிகளுள் கோயம்புத்தூர்ப் பகுதித் தமிழும் ஒன்று. பணிவு வடிவங்களுள் ஒரு பெரும்பகுதி, கேட்பவருக்கு மறுக்கும் வாய்ப்பை விட்டுவைக்கும் உத்திகளாகும் என்பது அக்கோட்பாட்டின் சாரம். டேவிட் டென்னன்ட் நடிப்பில் கில்கிரேவ் பெரும்பாலும் மென்மையாகவே பேசுகிறான். சலிப்போடும், சில வேளைகளில் நயத்தோடும் ஏவுகிறான். மறுக்கும் வாய்ப்பே இல்லாத இடத்தில் பணிவு என்பது வெறும் ஓசையாகிறது. எனவே அவன் பேச்சை முழுதும் 'செய்', 'நில்', 'போ' எனப் பகுதி மட்டும் நிற்கும் ஏவல் ஒருமையில் பெயர்ப்பது பொருந்தாது. அயலாரிடம் 'சற்று அப்படி நில்லுங்கள்' என்பது போன்ற உயர்வு வடிவங்களை அமைப்பதே மூலத்தின் அச்சத்திற்கு நெருக்கமாக அமையும். கொடுமை வடிவத்தில் இல்லை, மறுப்பு இன்மையில் உள்ளது.

2. மூன்றாம் வேற்றுமையும் ஹோப்பின் வழக்கும்

2.1. கில்கிரேவின் ஏவலால் தன் பெற்றோரைச் சுட்டுக் கொன்று சிறைப்படும் ஹோப் என்னும் மாணவியின் வழக்கு இப்பருவத்தின் முதுகெலும்பாகும். கில்கிரேவின் தற்காப்பு எளியது. தான் எவரையும் கொன்றதில்லை, பேசியது மட்டுமே உண்டு என்பது அவன் வாதம். சட்டத்தின் நிலையும் ஏறத்தாழ இதுவே. துப்பாக்கியை இயக்கிய கை ஹோப்பினுடையது.

2.2. தமிழ் இலக்கண மரபு இவ்வாதத்தை ஏற்பதற்கில்லை. தொல்காப்பியம் மூன்றாம் வேற்றுமைக்கு வினைமுதல், கருவி என்னும் பொருள்களைக் கூற, நன்னூல் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என மூன்றாக்கும். பின்வந்தோர் கருத்தாவை ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என இருவகைப்படுத்தினர். அரசன் கோயில் கட்டினான் என்பதும் தச்சன் கோயில் கட்டினான் என்பதும் ஒருங்கே சரியான தொடர்களாவது இதனாலேயே. அரசன் கல்லைத் தொட்டிருக்க வேண்டியதில்லை. ஏவியதனாலேயே அவன் கருத்தாவாகிறான். 'கட்டுவித்தான்' என்னும் பிறவினை வடிவம் இருக்கவும், 'கட்டினான்' என்னும் தன்வினையே ஏவியவனுக்கும் வழங்குவது கருதத்தக்கது. இம்மரபின்படி 'கில்கிரேவ் கொன்றான்' என்பது உருவகம் அன்று, நேரிய கூற்று.

2.3. எனினும் மரபின் எடுத்துக்காட்டு ஓர் இடத்தில் போதாமற் போகிறது. தச்சன் அரசனின் ஏவலை ஏற்றுக்கொண்டவன். அவனுக்கெனத் தொழிலும் கூலியும் விருப்பமும் உண்டு. ஹோப்பிற்கு அவ்வாறு ஏற்கும் நிலை இல்லை. 'ஹோப்பால் அவர்கள் கொல்லப்பட்டனர்' என்னும் தொடரில் வரும் ஆல் உருபு கருத்தாவைக் குறிக்கிறதா, 'வாளால் வெட்டினான்' என்பதிற்போலக் கருவியைக் குறிக்கிறதா என்பதே நீதிமன்றத்தின் முன் உள்ள வினா. தமிழ் உருபு இவ்விரு பொருளையும் ஒரே வடிவில் ஏந்தி நிற்கிறது. ஆங்கிலமோ செய்தவரை ஒரு முன்னிடைச் சொல்லாலும் கருவியைப் பெரும்பாலும் மற்றொன்றாலும் குறிக்கும். ஆகவே மூலத்தில் பேசுவோர் எடுத்துவிட்ட முடிவைத் தமிழ் வடிவம் மீண்டும் திறந்துவிடக்கூடும். 'கொல்ல வைத்தான்', 'கொல்வித்தான்', 'கொன்றான்' ஆகிய மூன்றனுள் மொழிபெயர்ப்பாளர் எதனைக் கொள்கிறாரோ, அது தீர்ப்பின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

3. மூன்று ஏவல்கள்

3.1. முதலாவது, ரீவா கானர்ஸின் இறப்பிற்குக் காரணமான ஏவல். கில்கிரேவ் ஜெசிகாவிடம் ரீவாவைக் 'கவனித்துக்கொள்ளுமாறு' கூறுகிறான். ஆங்கிலத் தொடர் பேணுதலையும் தீர்த்துக்கட்டுதலையும் ஒருங்கே குறிக்கும். ஜெசிகா ஒரே அடியில் ரீவாவைக் கொன்றுவிடுகிறாள். இருபொருளுள் ஒன்றை அவளே தேர்ந்தாள் என்று பின்னர்க் கில்கிரேவ் பழி சுமத்துவதற்கு இத்தெளிவின்மை இடந்தருகிறது. தமிழில் 'தீர்த்துவிடு' என்று பெயர்த்தால் ஜெசிகாவின் குற்றவுணர்ச்சி காரணமற்றதாகிவிடும். 'பார்த்துக்கொள்' என்றால் பேணுதற் பொருளே மேலோங்கும். 'கவனி' என்பது இரண்டையும் தாங்கவல்லது. விருந்தினரைக் கவனித்தலும், அடித்து உதைத்தலைக் 'கவனிப்பு' என்றலும் தமிழ்ப் பேச்சு வழக்கில் உள்ளனவே. மூலத்தின் இருபொருள் தமிழிலும் கிடைக்கும் அரிய இடம் இது.

3.2. இரண்டாவது, டிரிஷின் உயிரைப் பற்றியது. தன் தலைக்குள் குண்டைச் செலுத்திக்கொள்ளுமாறு கில்கிரேவ் அவளை ஏவுகிறான். அவள் கையிலுள்ள துப்பாக்கியில் குண்டுகள் தீர்ந்துவிட்டன. எனினும் ஏவலின் பிடி விடவில்லை. ஜெசிகா ஒரு குண்டை அவளுடைய வாயில் இடுகிறாள். குண்டு தலைக்குள் இருப்பதால் ஏவல் நிறைவேறியதாகிறது; டிரிஷ் விடுபடுகிறாள். மரபுத்தொடரின் நேர்ப்பொருளே இங்கு ஓர் உயிரைக் காக்கிறது. தமிழில் இயல்பாக வரக்கூடிய 'தலையில் சுட்டுக்கொள்' என்னும் தொடரைப் பயன்படுத்தினால் இக்காட்சி குலைந்துவிடும். வாயில் குண்டை வைத்துக்கொள்ளுதல் சுட்டுக்கொள்ளுதல் ஆகாது. இவ்விடத்தில் 'உன் தலைக்குள் ஒரு குண்டு இறங்கட்டும்' என வியங்கோள் வடிவில் அமைத்தல் பொருந்தும். வியங்கோள் தன்மையிலும் முன்னிலையிலும் நிலைபெறாது எனத் தொல்காப்பியமும், எல்லா இடத்திற்கும் உரியது என நன்னூலும் கூறுவது அறிந்ததே. இங்கு எழுவாய் குண்டு, படர்க்கை. ஆகவே இரு நூல்களின் விதிக்கும் இத்தொடர் முரணாகாது. செயலைச் சொல்லாமல் முடிவை மட்டும் சொல்வதால் ஜெசிகாவின் சூழ்ச்சிக்கும் இது இடமளிக்கிறது.

3.3. மூன்றாவது, பருவத்தின் முடிவில் துறைமுகத்தில் நிகழ்வது. ஜெசிகா மீண்டும் தன் வயப்பட்டாள் என நம்பும் கில்கிரேவ், தன்னை நேசிப்பதாகக் கூறும்படி அவளை ஏவுகிறான். அவளும் அத்தொடரைக் கூறுகிறாள். ஆனால் அவள் பார்வை அவனைக் கடந்து டிரிஷின்மேல் படிகிறது. தான் ஒருபோதும் சொல்லாத அத்தொடரையே, தான் ஏவலுக்கு உட்படவில்லை என்பதற்கு அடையாளமாக அவள் டிரிஷுடன் முன்பே பேசி வைத்திருந்தாள். ஒரே கூற்று இருவரை நோக்கி, இரு வேறு உண்மைகளாகிறது. 'உன்னை' என்னும் முன்னிலைச் சுட்டு பால் காட்டாமையால் தமிழிலும் இது இயலும். ஆயின் ஒரு நிபந்தனை உண்டு. தொடர் முழுவதும் கில்கிரேவையும் டிரிஷையும் ஜெசிகா 'நீ' என்றே விளித்திருக்க வேண்டும். எங்கேனும் ஒருவருக்கு 'நீங்கள்' என்று அமைத்துவிட்டால், பன்னிரண்டு பகுதிகளுக்குப் பின்னர் இக்காட்சி பொய்த்துவிடும். இதனையடுத்து, அவன் அவளிடம் ஓயாது வேண்டிய 'சிரி' என்னும் ஏவலை அவனுக்கே திருப்பிக் கூறி ஜெசிகா அவன் கழுத்தை முறிக்கிறாள். ஏவப்பட்டவள் ஏவுபவளாகும் இவ்விடத்தில் மட்டும் வெறும் பகுதியாகிய ஏவல் ஒருமை வடிவமே வேண்டும்.

4. பின்தொடர்தல் என்னும் சொல்

கில்கிரேவின் செயலைக் குறிக்கத் தமிழில் இரு வழக்குகள் கைக்கு வரும். செய்தித்தாள்கள் இத்தகைய குற்றங்களைப் பலகாலும் 'ஒருதலைக் காதல்' என்று எழுதி வந்துள்ளன. இத்தொடரில் அவ்வழக்கைப் பயன்படுத்துவது, தான் காதலிப்பதாகக் கூறும் கில்கிரேவின் விளக்கத்தை மொழிபெயர்ப்பாளரும் ஒப்புக்கொள்வதாகும். மற்றொன்று 'பின்தொடர்தல்'. 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354டி பிரிவாகச் சேர்க்கப்பட்டு, 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதாவின் 78ஆம் பிரிவாக உள்ள குற்றத்தின் பெயர் இவ்வாறு பெயர்க்கப்படுகிறது. இச்சொல் காலடியை மட்டும் காட்டுவது இதன் குறை. சட்டமோ, பெண் தன் விருப்பமின்மையைத் தெளிவாகத் தெரிவித்த பின்னரும் தொடர்பு கொள்ள முயல்வதைக் குற்றமாக்குகிறது. அதாவது, மறுப்பு என்னும் பேச்சுச் செயலே அக்குற்றத்தின் அளவுகோல். மறுப்பைச் சொல்ல முடியாமற் செய்பவனே கில்கிரேவ். போதைக்கு அடிமையாக்கிய மால்கமைக் கொண்டு ஜெசிகாவைப் படம் எடுப்பித்ததும், பின்னர் மால்கமை விடுவிப்பதற்கு ஈடாக அவளே நாள்தோறும் சிரித்த முகத்துடன் படம் அனுப்ப வேண்டும் என்று பேரம் பேசியதும் ஒரே குற்றத்தின் இரு வடிவங்கள். இரண்டாவதில் அவனது மீவலிமை செயற்படவில்லை. எனினும் மறுக்க இயலாமை அப்படியே இருக்கிறது. சூழலைப் பொறுத்து 'விடாத் தொடர்தல்', 'விரும்பாதவரைத் தொடர்ந்து துன்புறுத்தல்' என விரித்துக் கூறுவது 'பின்தொடர்தல்' என்பதன் குறையை ஓரளவு நீக்கும்.

5. தொடரின் குறைபாடு

பருவத்தின் பிற்பகுதியில் கில்கிரேவின் வலிமைக்கு அவன் உடலிலிருந்து பரவும் ஒரு கிருமி காரணமாகக் காட்டப்படுகிறது. கதை தடுப்பு மருந்தைத் தேடும் கதையாகச் சில பகுதிகளுக்குத் திசைமாறுகிறது. இவ்விளக்கம், நேரில் இல்லாதபோது அவன் குரல் வலிவிழப்பதற்குக் காரணம் கூறுகிறது என்பது உண்மை. ஆயினும் வாயில் இட்ட குண்டு ஏன் போதுமானதாயிற்று என்பதை எந்தக் கிருமியாலும் விளக்க முடியாது. டிரிஷைக் கொல்ல ஏவப்பட்ட சிம்ப்சன், அவள் இறந்துவிட்டதாக நம்பியவுடன் தாக்குதலை நிறுத்துவதும் இத்தகையதே. ஏவல் நிறைவேறிற்றா என்பதைக் கேட்டவரின் பொருள்கோளே தீர்மானிக்கிறது. தொடரின் உண்மையான கண்டுபிடிப்பு இதுவாக இருக்க, தொடரே இதனை முழுமையாகப் பின்பற்றவில்லை.

6. முடிவுரை

கேட்டவரே பொருள்கொள்கிறார் எனில், செயலிலும் அவருக்குப் பங்கு உண்டு என்று கில்கிரேவ் வாதிடுவான். ஜெசிகாவை வருத்துவதும் இவ்வெண்ணமே. 'கவனி' என்பதற்குக் கொல் என்று பொருள்கொண்டது அவளுடைய உள்ளமன்றோ? இவ்வாதம் இரு வேறு செயல்களை ஒன்றாக்குகிறது. பொருள்கொள்ளுதல் வேறு, உடன்படுதல் வேறு. ஏவியவன் கருதிய பொருளை ஜெசிகா அறிந்தாள். அறிந்ததனால் அது அவளுடைய விருப்பமாகிவிடாது. பிறர் கூற்றின் பொருளை நுணுகி அறிந்து, அதனைத் தமது கூற்றாக ஏற்காமலேயே வேறொரு மொழியில் சொல்வது மொழிபெயர்ப்பாளரின் அன்றாடப் பணி. எனவே இவ்வேறுபாடு அவர்களுக்குப் புதிதன்று. ஹோப், ஜெசிகா, டிரிஷ், சிம்ப்சன் ஆகியோரின் சொற்களைத் தமிழில் அமைக்கும்போது இவ்வேறுபாட்டைக் காக்கும் பொறுப்பு அவர்களுடையதாகிறது. பிறவினையா தன்வினையா, ஏவலா வியங்கோளா, ஆல் உருபு கருவிப்பொருளதா கருத்தாப் பொருளதா என்னும் சிறு தெரிவுகளே, ஏவப்பட்டவர் குற்றவாளியாக நிற்பாரா, பாதிக்கப்பட்டவராக நிற்பாரா என்பதை முடிவு செய்யும்.