கரும்பு வயலில் இருந்து புறப்பட்ட முடிவு

வறுமை மனிதனின் யோசிக்கும் திறனையே குறைத்துவிடுகிறது என்ற கருத்தை இன்று துபாயின் நிர்வாகப் பயிற்சி வகுப்புகளிலும் கேட்கலாம். கேம்பில் தங்கியிருக்கும் தொழிலாளி ஏன் வட்டிக்கு வாங்குகிறார், ஏன் சேமிப்பதில்லை என்பதற்கெல்லாம் அதுவே விளக்கமாகிவிடுகிறது. இந்தக் கருத்தின் முக்கியமான சான்று தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் இருந்து வந்தது. ஆகவே அதைச் சரிபார்த்துப் பார்க்கும் பொறுப்பு நமக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

செந்தில் முல்லைநாதனும் எல்டார் ஷஃபீரும் எழுதிய 'ஸ்கேர்சிட்டி' 2013இல் வெளிவந்தது. அதே ஆண்டில் ஆனந்தி மணி, ஜியாயிங் ஜாவ் ஆகியோருடன் இவர்கள் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கரும்பு விவசாயிக்குப் பணம் வருவது வெட்டுக்குப் பிறகுதான். வெட்டுக்கு முந்தைய மாதங்களில் கை வறண்டிருக்கும். 464 விவசாயிகளை வைத்துச் செய்த அந்த ஆய்வில், வெட்டுக்கு முன் புதிர்களில் அவர்களின் திறன் குறைந்தும் பின் கூடியும் இருந்தது. ஆள் அதே ஆள்தான், மாறியது கையிருப்பு என்பது வாதம். ஒருமுறை செய்த பழக்கத்தால் மறுமுறை நன்றாகச் செய்திருக்கலாமே என்ற ஐயத்துக்காக, ஒரு பகுதியினரை வெட்டுக்குப் பின் மட்டும் சோதித்தார்கள். கவனமான ஆய்வுதான்.

நூலின் ஈர்ப்பு அதன் அறத்தில் இருக்கிறது. ஏழையைச் சோம்பேறி என்றும் ஊதாரி என்றும் பழிப்பவருக்கு, குறை ஆளிடம் இல்லை, நிலைமையில் இருக்கிறது என்று அது பதில் சொல்கிறது. நாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டதும் இதனால்தான். ஆனால் நல்லெண்ணம் சான்று ஆகாது.

பின்னால் வந்த ஆய்வுகள் கலவையான விடை தருகின்றன. அமெரிக்காவின் குறைந்த வருமானக்காரர்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்த 2016ஆம் ஆண்டு ஆய்வு, சிந்திக்கும் திறனில் வேறுபாடு காணவில்லை. பற்றாக்குறையின் உளவியல் பற்றிய 20 ஆய்வுகளைத் திரும்பச் செய்து 2021இல் வெளியிட்டபோது, நான்கில் மட்டுமே தெளிவான விளைவு மீண்டும் கிடைத்தது. இவை எதுவும் கரும்பு வயல் முடிவைப் பொய்யென்று நிறுவவில்லை. அதன்மேல் எழுப்பிய மாளிகை ஆட்டம் காண்கிறது என்றுதான் சொல்கின்றன. உளவியல் முழுவதற்குமே இந்த நோய் உண்டு. 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்த 2015ஆம் ஆண்டுக் கூட்டுமுயற்சியில், 36 சதவீதமே தேறின.

மருந்து புதிரானதல்ல. எதை, எப்படி அளக்கப்போகிறோம் என்பதை முன்கூட்டியே பதிவு செய்வது, தரவைத் திறந்து வைப்பது, வேறு ஊரில் வேறு ஆட்கள் திரும்பச் செய்வது. என் மென்பொருள் தொழிலில், ஒரே கணினியில் ஒருமுறை ஓடிய நிரலை வாடிக்கையாளரிடம் ஒப்படைக்க மாட்டோம். முல்லைநாதனும் அங்கேயே நின்றுவிடவில்லை. பின்னாளில் சக ஆய்வாளர்களுடன் ஒடிசாவில் தட்டு செய்யும் தொழிலாளர்களுக்குக் கூலியில் ஒரு பகுதியை முன்னதாகக் கொடுத்து, புதிருக்குப் பதில் வேலையையே அளந்தார். உற்பத்தி கூடியது. கருத்துக்கு வலுச் சேர்ப்பது இத்தகைய மறுசோதனைதான்.

வளைகுடாவில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2011இல் ஐக்கிய அரபு அமீரகம், ஒப்பந்தம் முடிந்த தொழிலாளி பழைய முதலாளியின் என்.ஓ.சி. இல்லாமல் வேறு கம்பெனிக்குப் போகலாம் என்று விதியைத் தளர்த்தியது. சுரேஷ் நாயுடு, யா நியார்கோ, ஷிங்-யி வாங் ஆகியோர் சம்பளப் பதிவுகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். ஏற்கெனவே இங்கிருந்தவர்களின் வருமானம் உயர்ந்தது. புதிதாக ஆள் எடுப்பது குறைந்தது. தொழிலாளியின் மூளையில் எதுவும் மாறவில்லை. மாறியது ஒரு விதி.

'ஸ்கேர்சிட்டி' படிக்க வேண்டிய நூல்தான், 2021இன் மறுசோதனை முடிவுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. கேம்பில் இருப்பவரின் அறிவைப் பற்றி அலுவலகத்தில் இருந்து தீர்ப்புச் சொல்லும் முன், அவர் ஊரில் ஏஜெண்டுக்கு எவ்வளவு கொடுத்துவிட்டு வந்தார் என்று கேட்பது, இரக்கத்தோடு சொல்லப்படும் எந்தக் கோட்பாட்டையும்விட நம்பகமான தொடக்கம்.