சொல்லிச் செய்த பை

ஆனேக்கல்லில் பட்டுச் சேலை எடுக்க வருகிறவர்களில் விவரம் தெரிந்தவர் யாரென்று சட்டெனத் தெரிந்துவிடும். முந்தானையை விரித்த கையோடு அதைப் புரட்டி, அடிப்பக்கத்தில் இழை எப்படி முடிந்திருக்கிறது என்று பார்ப்பார். தோழி ஒருத்தி தன் ஹெர்மெஸ் பையை என் மடியில் வைத்தபோது என் கையும் தானாக அதைப் புரட்டியது.

தோல், நிறம், நூல் எல்லாம் அவள் சொல்லிச் செய்த ‘கெல்லி’ வகைப் பை. வெளியே சாம்பல், உள்ளே குங்குமச் சிவப்பு, தையல் நூலும் அதே சிவப்பு. இப்படித் தனியே சொல்லிச் செய்யும் பைகளில் நிறுவனத்தின் பெயரருகே ஒரு குட்டிக் குதிரை லாடம் பதிப்பார்கள். 1837-ல் குதிரைக்கான தோல் சாமான்கள் செய்யத் தொடங்கிய பாரிஸ் பட்டறைக்கு எவ்வளவு பொருத்தமான முத்திரை! ஆனால் லாடத்தைக் கண்டதும் விலை பேச உட்கார்ந்துவிடக் கூடாது. அதைப் போலியாக அடித்துவிடலாம். தையலில்தான் குட்டு வெளிப்படும்.

சேணத் தையல் அது. ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி; மெழுகேற்றிய லினன் நூல் ஒவ்வொரு துளையிலும் எதிரெதிராக நுழைந்து வரும். ஓரிடத்தில் அறுந்தாலும் வரிசை முழுக்கப் பிரிந்து வராது. கைப்பிடியின் அடியில் விரலை ஓட்டினேன். தையல்கள் லேசாகச் சாய்ந்து, நெல்மணிகளைச் சேர்த்து வைத்ததுபோல் போகின்றன. அச்சடித்த ஒழுங்கு இல்லை. ஒரே ஆள் ஒரே சீராக இழுத்த இழுப்பு. உலோகத்தைப் பிடிக்கும் ஆணித் தலைகளையும் தட்டித் தட்டி முத்தாக உருட்டியிருக்கிறார்கள்.

வெளித்தோல் வெள்ளாடு. பொடி மணலாய்ச் சொரசொரப்பு, நடுவில் ஆட்டின் முதுகுத்தண்டு போன தடம் மெல்லிய கோடாக. இந்தத் தோலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஷெவ்ர் மைசூர்’. 1973 வரை எங்கள் ஆனேக்கல்லும் மைசூர் மாநிலம்தானே! அந்தப் பெயரைக் கேட்டதும் பை எனக்குச் சொந்தக்காரப் பெண் மாதிரி ஆகிவிட்டது.

சொல்லிச் செய்தது என்பதற்காகவே விலை ஏறிவிடாது. நிறம் சேரவில்லை என்றால் மறுவிற்பனைக்குப் போகும்போது கை நீட்ட ஆள் இருக்காது. கேட்டவரின் ரசனைக்கும் சேர்த்துத்தான் விலை. நடிகை ஜேன் பர்கினுக்காக ஹெர்மெஸ் செய்த முதல் பர்கின் பையைப் பாருங்கள். அவர் பெயரின் முதலெழுத்துகள், கழற்ற முடியாத தோள்வார், அதில் தொங்கும் நகவெட்டி. ஆசைப்பட்டு ஒட்டிய ஸ்டிக்கர்களின் தடம் இன்னும் தோலில் இருக்கிறது. 2025 ஜூலையில் பாரிஸ் சொத்பீஸ் ஏலத்தில் அது கட்டணம் உட்பட சுமார் 86 லட்சம் யூரோவுக்குப் போனது.

தோழியின் பையில் ஒரு மூலை தேய்ந்து, சாம்பல் நிறம் வெளிறியிருந்தது. பாலிஷ் போடக் கொடுக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.