துருக்கிய மொழிகளும் மாறிய எழுத்துகளும்

சோவியத் துருக்கிய மக்களின் எழுத்து மாற்றத்தைப் பற்றி எழுதும் ஆய்வாளர்கள் எல்லோரும் பாகூவில் 1926-இல் நடந்த துருக்கியியல் மாநாட்டுக்கு வந்தே ஆகவேண்டும். அரபு எழுத்தை விட்டு லத்தீனுக்கு மாறலாம் என்று அங்கே பெரும்பான்மையினர் தீர்மானித்தார்கள். ஏன் என்பதில்தான் சச்சரவு. மாஸ்கோ செய்த பிரித்தாளும் வேலை என்பது நெடுங்காலம் நிலவிய வாசிப்பு.

எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. அரபு எழுத்தைத் திருத்தச் சொல்லி அஜர்பைஜான் நாடகாசிரியர் அகுந்தோவ் 1857-லேயே திட்டம் தீட்டிவிட்டார். 1922-இல் பாகூவில் லத்தீன் எழுத்தில் பத்திரிகையே வந்துகொண்டிருந்தது. டெர்ரி மார்ட்டின் தம் 2001-ஆம் ஆண்டு நூலில் காட்டுவதுபோல, அன்றைக்கு லத்தீன் என்றால் ரஷ்ய ஆதிக்கத்துக்கு எதிரான தேர்வு. ரஷ்ய எழுத்தான சிரிலிக்கின் மீது ஜார் காலத்து மதமாற்றப் பள்ளிகளின் வாடை அடித்தது.

தோற்ற தரப்பை ஆய்வுலகம் அவ்வளவாகக் கவனித்ததில்லை. கசாக் அறிஞர் அஹ்மத் பைதுர்சினோவ் அரபு எழுத்தைத் தம் மொழியின் ஒலிகளுக்கு ஏற்ப முன்பே திருத்தி வைத்திருந்தார். துருக்கிய உயிரொலிகளுக்கு அரபு எழுத்து ஒத்துவராது என்ற வாதம் அதன் முன் நிற்காது. சீனத்துக் கசாக்கியர் இன்றும் அரபு எழுத்தில்தான் எழுதுகிறார்கள். லத்தீனை ஆதரித்த மொழியியலாளர் சோபன்ஸாதேயும், அரபு எழுத்தின் பக்கம் நின்ற பைதுர்சினோவும் 1937-இல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எந்தப் பக்கம் நின்றாலும் முடிவு ஒன்றே.

பிரித்தாளும் வாசிப்பு உண்மையில் பொருந்துவது அதன் பிறகு. 1930-களின் இறுதியில் தொடங்கி ஓரிரு ஆண்டுகளுக்குள் பெரும்பாலான மொழிகள் சிரிலிக்குக்கு மாற்றப்பட்டன, மொழிக்கு ஒரு வடிவமாக. நம் ‘ங்’ ஒலியையே பாருங்கள்: கசாக்கில் வால் வைத்த ஓரெழுத்து, உஸ்பெக்கில் ஈரெழுத்து, சாக்கா மொழியில் வேறொரு கூட்டெழுத்து. தாத்தாவுக்கு அரபு, அப்பாவுக்கு லத்தீன், பேரனுக்கு சிரிலிக் என்று ஒரே வீட்டில் மூன்று லிபிகள் புழங்கின.

1991-க்குப் பின் அஜர்பைஜான் பத்தே ஆண்டில் லத்தீனுக்கு முழுமையாக மாறியது. உஸ்பெகிஸ்தானின் லத்தீன் எழுத்துச் சட்டம் 1993-இல் வந்தது. ஆனால் அங்கே தெருப் பலகைகளிலும் நாளிதழ்களிலும் இரண்டு எழுத்துகளும் இன்னும் கலந்தே கிடக்கின்றன. டாடர்ஸ்தானும் லத்தீனுக்கு மாற முயன்றது. ரஷ்யா 2002-இல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. கசாக்ஸ்தான் 2017-இல் அறிவித்த வடிவத்தில் செர்ரிப் பழத்தின் பெயரை எழுத மூன்று எழுத்தும் இரண்டு அபாஸ்ட்ரஃபியும் தேவைப்பட்டன. இணையத்தில் தேடக்கூட முடியாது என்று மக்கள் சிரித்தார்கள். சில மாதங்களில் அதிபர் நசர்பாயெவ் அதை மாற்றினார்.

2024-இல் பாகூவில் 34 எழுத்துகள் கொண்ட பொதுத் துருக்கிய நெடுங்கணக்கை அறிஞர் குழு ஒன்று ஏற்றது. ஆனால் லிபிப் பிளவு அதோடு தீர்ந்துவிடாது. ஈரானில் வாழும் அஜர்பைஜானியர் தொகை அஜர்பைஜான் குடியரசின் மக்கள்தொகையைவிட அதிகம். அவர்கள் அரபு எழுத்திலேயே எழுதுகிறார்கள். எல்லைக்கு வடக்கே அச்சாகும் தங்கள் மொழிப் புத்தகத்தைப் படிக்க அவர்களுக்கு இன்னொரு லிபி தெரிந்திருக்க வேண்டும்.