மறைத்துக் கூறும் தன்மையிடமும் ஒரு தொலைக்காட்சிப் படமும்

அகதா கிறிஸ்டி 1926இல் வெளியிட்ட ‘ரோஜர் அக்ராய்டின் கொலை’ என்னும் துப்பறியும் புதினம், 2000ஆம் ஆண்டு சனவரியில் பிரித்தானியத் தொலைக்காட்சியில் படமாக ஒளிபரப்பப்பட்டது. டேவிட் சுஷே பொய்ரோவாக நடித்தார். திரைக்கதை கிளைவ் எக்ஸ்டனுடையது. புதினத்தின் முடிவைக் கூறாமல் இப்படத்தைத் திறனாய இயலாது. எனவே அதனைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்: கதையை எடுத்துரைக்கும் மருத்துவர் ஷெப்பர்டே கொலையாளி.

ஷெப்பர்டு பொய் கூறுவதில்லை என்பது நோக்கத்தக்கது. அக்ராய்டுக்குக் கடிதங்கள் வந்தது 8.40க்கு என்றும், தாம் அறையைவிட்டு நீங்கியது 8.50க்கு என்றும் அவர் எழுதுகிறார். இரண்டும் உண்மை. இடைப்பட்ட பத்து நிமிடங்களுக்குள் நடந்ததற்கு ஒரு வினைச்சொல்லும் உண்டு. ஆனால் அதன் செயப்படுபொருளோ எதனையும் குறிப்பாகச் சுட்டாத பொதுச்சொல். கிரைஸ் 1975இல் வெளியிட்ட கட்டுரையின் உரையாடல் நெறிகளைக் கொண்டு கூறினால், இங்கு வாய்மை நெறி காக்கப்பட்டு அளவு நெறி மீறப்படுகிறது. அம்மீறல் வாசகர் கண்ணில் படாமைக்குக் காரணம் தன்மை ஒருமையே. ‘நான்’ என்று பேசுபவரை ஐயுறும் பழக்கம் நமக்கில்லை.

படப்பிடிப்புக் கருவிக்குத் தன்மை விகுதி கிடையாது. எக்ஸ்டன் இதனை உணர்ந்தே கொலையாளியின் நாட்குறிப்பைப் பொய்ரோவின் குரலில் படிக்கச் செய்கிறார். எழுதியவர் ஒருவர், ஒலிப்பவர் மற்றொருவர். ‘நான்’ என்னும் சுட்டு இடம் பெயர்ந்துவிடுகிறது. திறமையான தீர்வுதான். ஆனால் எழுதியவர் குற்றவாளி என்பது முன்னரே தெரிந்துவிடுவதால், ‘அவர் யார்’ என்னும் வழக்கமான புதிரே எஞ்சுகிறது. வாசகர் தம்மை அறியாமலே கொலையாளிக்கு உடந்தையாகும் நிலை, புதினத்தின் உயிர்நிலை, இழக்கப்படுகிறது.

மொழியியலார்க்குச் சுவை தரும் தடயம் மற்றொன்று. 9.30 மணிக்கு அக்ராய்டின் குரல் கதவுக்கு வெளியே கேட்கிறது. கேட்ட தொடரின் நடை உரையாடலுக்குரியதன்று, கடிதத்திற்குரியது என்பதிலிருந்தே அது ஒலிப்பதிவுப் பொறியின் குரல் எனப் பொய்ரோ உய்த்துணர்கிறார். இரட்டை வழக்கில் வாழும் தமிழர்க்கு இவ்வுய்த்துணர்வு ஆங்கிலேயரைவிட விரைவில் விளங்கும் என்று தோன்றுகிறது. ஒலியைத் தன் கையில் வைத்திருக்கும் ஊடகம் இதனைப் புதினத்தினும் நன்கு கையாண்டிருக்கலாம். படமோ தன் இறுதிப் பகுதியை வேதிப்பொருள் ஆலையில் நிகழும் துப்பாக்கிச் சூட்டிற்கு ஒதுக்குகிறது. புதினத்தின் ஷெப்பர்டு துப்பாக்கி ஏந்துவதில்லை. இரவில் தனியே அமர்ந்து, தம் கையெழுத்துப் படியின் கடைசி இயலை எழுதுகிறார். அங்குதான் அந்தப் பத்து நிமிடங்களுக்கும் பொருள் கூறுகிறார்.