நூறாண்டுச் சங்கமும் வடமலாபுரமும்

இந்தியப் பொருளாதாரச் சங்கம் 1917இல் கல்கத்தாவில் தொடங்கியது. 1985இல் மன்மோகன் சிங்கும் 1989இல் அமர்த்தியா சென்னும் அதன் தலைவர்கள். நூற்றாண்டு மாநாட்டை 2017 டிசம்பரில் குண்டூரில் குடியரசுத் தலைவர் தொடங்கிவைத்தார். பெருமைக்குக் குறைவில்லை.

அதன் உண்மையான பலம் பெரிய பெயர்களில் இல்லை. திறந்த வாசலில் இருக்கிறது. ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பொருளியல் நடத்தும் கல்லூரி ஆசிரியர், டெல்லிப் பேராசிரியர் பேசும் அதே மாநாட்டில் தன் கட்டுரையையும் வாசிக்கலாம். இப்படிப்பட்ட இடம் நம் கல்வி உலகில் அரிது.

ஆனால் வாசல் அகலமானதும் கூட்டம் பெருத்தது, விவாதம் மெலிந்தது. ஒரே நேரத்தில் பல அரங்குகள். கட்டுரைக்குச் சில நிமிடங்கள். கேள்வி கேட்க யாருக்கும் பொழுதில்லை. 2010இல் பல்கலைக்கழக மானியக்குழு பதவி உயர்வுக்கான மதிப்பெண்ணில் மாநாட்டுக் கட்டுரையையும் சேர்த்த பிறகு, சான்றிதழே குறியாகிவிட்டது. (கையில் அது கிடைத்ததும் ரயிலுக்கு நேரம் பார்ப்பவர்களை எந்தக் கருத்தரங்கிலும் காணலாம்.) பழியைச் சங்கத்தின்மேல் மட்டும் போட முடியாதுதான். ஆனாலும் தரம் பார்த்து வடிகட்டுவது அதன் கையில் இருக்கிறது.

சங்கம் பிறந்த அதே காலத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைச் சொந்த ஊர்களுக்கே அனுப்பி நிலம், கூலி, கடன் பற்றி விசாரித்து எழுதச் சொன்னார். 1918இல் நூலாக வந்த அந்த ஆய்வில் இடம்பெற்ற ஊர்களில், இன்று நம் விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் வடமலாபுரமும் ஒன்று. பொருளியலாளர்கள் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் 1930களில் அந்த ஊர்களை மறுபடி ஆராய்ந்தார்கள். 1980களில் வேறு ஆய்வாளர்கள் வடமலாபுரத்தை இன்னொரு முறை ஆராய்ந்தார்கள். யார் நிலத்தை இழந்தார், யார் பட்டாசு வேலைக்குப் போனார் என்பதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்க்க இத்தகைய உழைப்புதான் உதவும். நூறு மாநாட்டு மலர்களைப் புரட்டினாலும் அது கிடைக்காது.

இதே மாவட்டத்து ஆலங்குளத்தில் அரசு சிமெண்ட் ஆலை இருக்கிறது. சுற்றிலும் தீப்பெட்டி, பட்டாசு, மானாவாரி நிலம். ஆலை வந்த பிறகு அக்கம்பக்கத்து ஊர்களில் கூலி எப்படி மாறியது, கிணற்று நீர் என்ன ஆனது? இதை ஆராய உள்ளூர் ஆசிரியரைவிடப் பொருத்தமானவர் யார்? ஆனால் அவர் எழுதுவதெல்லாம் ஆங்கிலத்தில், தேசிய வருமானம் பற்றி. அதுவும் பிறர் திரட்டிய புள்ளிவிவரத்தைக் கொண்டு. மாநாட்டுத் தலைப்புகள் அப்படித்தான் இழுக்கின்றன.

சங்கம் ஒன்று செய்யலாம். ஒவ்வொரு மாநாட்டிலும் ஒரு நாளை ஊராய்வுகளுக்கென்றே ஒதுக்கட்டும். கட்டுரைகளைக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் தரட்டும். தமிழில் எழுதியதையும் ஏற்கட்டும்.