மூன்றாம் அத்தியாயத்து ரயில்

நமது நாவல்களின் கடைசி அத்தியாயத்து மௌத்துகள் பெரும்பாலும் எழுதுபவரின் வசதிக்காகவே நடக்கின்றன. கதையை முடிக்க வேண்டும், ஆள் போய்விடுகிறார். "இது வலிந்து செய்ததாகத் தெரிகிறதே" என்று யாராவது சொன்னால், திருத்தி எழுதும்போது இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு காகத்தைக் கத்தவிடுவார்கள். காற்றில்லாத இரவில் ஒரு விளக்கு அணையும். உம்மாவின் நெஞ்சு 'திக்'கென்னும். முன்னுணர்த்தல் ஆகிவிட்டதாம்!

இந்த விஷயத்தில் நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது டோல்ஸ்டோயின் 'அன்னா கரீனினா'வை. அவருக்கு முடிவு முதலிலேயே கிடைத்துவிட்டது. 1872 ஜனவரியில் அவருடைய ஊருக்குக் கிட்டவிருந்த ரயில் நிலையத்தில் ஒரு பெண் ரயிலில் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டாள். அந்த உடலை அவர் போய்ப் பார்த்தார். அடுத்த ஆண்டு நாவலைத் தொடங்கினார். தொடக்கத்தைப் பலமுறை மாற்றி எழுதினார். 1875 இல் தொடராக வரத் தொடங்கிய கதையில் அன்னாவின் சாவு 1877 இல்தான் அச்சாகிறது. தொடரில் அச்சேறியதைத் திரும்ப எடுக்க ஏலாது. போடவேண்டிய விதையை முன்னமே போட்டாக வேண்டும்.

முதற் பாகத்தில் ரயில்வே காவலாளி ஒருவன் நசுங்கிச் சாவதை எல்லோரும் சொல்வார்கள். அது கெட்ட சகுனம் என்று அன்னாவே வாய்விட்டுச் சொல்கிறாள். எனக்கு அது கொஞ்சம் சத்தம் கூடியதாகவே படுகிறது. அதற்கும் முன்னால், மூன்றாம் அத்தியாயத்தில், அவளுடைய அண்ணன் பிள்ளைகள் ஒரு பெட்டியை ரயிலாக்கி விளையாடுகிறார்கள். கூரையில் ஆட்களை ஏற்ற வேண்டாமென்று சொன்னேனே என்று சிறுமி தம்பியை ஏசுகிறாள். அந்த இடத்தில் அந்த விளையாட்டுக்கு வேறு வேலை இருக்கிறது. புருஷனின் கள்ளத்தொடர்பு தெரியவந்து தாய் அறைக்குள் அடைந்து கிடக்கிறாள், பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை என்பதைத்தான் அது காட்டுகிறது. நாமும் அப்படியே வாசித்துவிட்டுப் போகிறோம். ரயில் உள்ளே வந்துவிட்டது, நமக்குத் தெரியாது.

அன்னா காணும் கனவு இதைவிடக் கெட்டித்தனமானது. இரும்பைப் பற்றி முணுமுணுக்கும் ஒரு குடியானவன் வருகிறான். பிரசவத்தில் சாவாய் என்று கனவுக்குள்ளேயே அவளுக்குப் பொருள் சொல்லப்படுகிறது. பிரசவத்தோடு காய்ச்சல் கண்டு சாகும் நிலைக்குப் போகிறாள், பிறகு பிழைத்துக்கொள்கிறாள். கனவின் கணக்குத் தீர்ந்தது என்று நாம் நினைக்கிறோம். கடைசியில் ரயிலுக்கு முன்னால் அதே மனிதன் திரும்ப வருகிறான்.

கிட்டடியில் ஓர் இளம் எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதியை வாசித்தேன். சில்லறைக்கடை வைத்திருக்கும் வாப்பா கடைசி அத்தியாயத்தில் கடலில் மௌத்தாகிறார். அதுவரை அவர் தோணியில் கால் வைத்ததில்லை.

"இந்த மனிசன் கடலுக்கு ஏன் போறார் தம்பி?"

"சும்மாதான் காக்கா."

காகமும் விளக்கும் அவரிடமும் இருந்தன. ஆனால் அதே இரண்டாம் அத்தியாயத்தில் நல்ல இடமொன்றும் இருந்தது: கடன்காரர் கதவைத் தட்டுகிறார், வாப்பா பின்னறையில் ஒளிகிறார். அவரைப் பின்னறைக்கு அனுப்பாமல் விடியற்காலையிலேயே மச்சானின் தோணியில் ஏற்றிவிடுங்கள் என்றேன். வாசகர் அதைக் கடன்பட்டவனின் வெட்கமாக வாசிப்பார். பத்தாம் அத்தியாயத்தில் கடன் அடைபடுகிறது; அதோடு கடலும் முடிந்தது என்று நினைப்பார். ஆனால் மனிசனுக்கு அதற்குள் கடல் பிடித்துப் போயிருக்கும்.

"அப்ப காகம்?"

"வெட்டிப் போடுங்க."

இரண்டு பந்தி வேலை என்று நினைத்துத்தான் கொண்டுபோனார். இப்போது ஐந்து அத்தியாயங்களைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறார். வாப்பா விடியக் காலையில் எங்கே போய்வருகிறார் என்ற சந்தேகம் உம்மாவுக்கு வந்துவிட்டதாம்.